நனைந்த இடம் வரை

ஜனவரியில் அளக்க வேண்டும்,
பம்புகள் ஓய்ந்து, கீழே நீர்
தன் மட்டத்துக்குத் திரும்பிய பிறகு.
எஃகு நாடாவின் நுனியில் நீலச் சாக்கட்டி தேய்த்து
குழாய்க்குள் இறக்குவேன்.
நிறம் எங்கே இருள்கிறதோ அங்கே தண்ணீர்.
பதினொரு குளிர்காலமாக என் உள்ளங்கை நீலம்.
தேவாலய வாசலில் கைகுலுக்குகிறவர்கள்
அதைப் பார்த்துவிட்டு
காற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

மேற்குக் கான்சாஸில்
காற்றைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசலாம்.

டெல்மர் ஹெர்டலின் கிணறு,
நான் வேலைக்கு வந்த வருடம் நூற்றெண்பத்தொன்று அடி.
இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு.
படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவார்,
படிக்கமாட்டார்.
"காலுக்குக் கீழே போன தண்ணீர்,
சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன?"
வண்டியை முடுக்கிச் சோளத்துக்குள் போய்விடுவார்.

கூட்டம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்.
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மடக்கு நாற்காலிகள்.
ஐந்தாவது வருடம், இருபத்து மூன்றாவது கூட்டம்,
அதே கசப்புக் காப்பி.
சுவரில் வரைபடம், சதுரம் சதுரமாக.
சிவப்பென்றால் இருபத்தைந்து வருடம்கூட இல்லை.
எல்லோரும் முதலில் தேடியது தங்கள் சதுரத்தை,
அடுத்து, பக்கத்து நிலத்துக்காரனுடையதை.

எவ்வளவு விட்டுக்கொடுப்பது?
பத்தில் ஒன்று என்றார்கள். பத்தில் மூன்று என்றார்கள்.
வனீட்டா கோல்மன் எழுந்தாள்:
"என் கணவர் இருந்த காலத்திலிருந்தே
பாதிதான் இறைத்தோம்.
நிறைய எடுத்தவனும் கொஞ்சம் எடுத்தவளும்
ஒரே பங்கு விடணுமா?
குத்தகைப் பணத்தில்தான் என் இன்சுலின்."
கூட்டக் குறிப்பில் கேள்வி இருக்கிறது.
பதில் என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

பின்வரிசையில், இறைச்சி ஆலையின் இரவு ஷிஃப்டுக்குப் போகும் உடுப்போடு
எரெந்தீரா சால்தானா.
"எங்களுக்குக் கிணறு இல்லை. குழாய்தான்.
அந்தக் குழாய்க்குக் கிணறு இருக்கு, இல்லையா?"
வாக்கு நிலத்துக்குத்தான் என்று
யாரோ மெதுவாக, வருத்தத்தோடுதான், சொன்னார்கள்.
அரை மணி நேரம் வாக்குவாதம்.
கடைசியில் குழுவில் ஊருக்கு இரண்டு நாற்காலி.
வாக்கில்லாத நாற்காலி.
அவள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்,
ஷிஃப்டுக்குத் தாமதமானாலும்.

ஒன்பது மணிக்கு மேல், யாரும் எதிர்பார்க்காமல்,
டெல்மர் என்னைப் பார்த்து,
"என் கிணற்றைச் சொல்லு" என்றார்.
"இங்கேயா?"
"எல்லோர் காதிலும் விழட்டும்."
சொன்னேன்.
கதவருகே இருந்த ஒருவர், "என்னுடையது?"
சொன்னேன். அப்புறம் இன்னொருவர்.
நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி
நாற்பத்தாறு கிணறுகளை வாசித்தேன்.
இரண்டு பேர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்,
அவர்களுடையதை மட்டும் வாசிக்கவில்லை.

ஏக்கருக்கு ஐம்பது அங்குலம், ஐந்து வருடத்துக்கு.
எந்த வருடம் எவ்வளவு என்பது அவரவர் பாடு.
மீட்டரின் முத்திரையை உடைத்தால் அடுத்த வருடம் தண்ணீர் இல்லை.
தீர்மானம் நிறைவேறியபோது ஒருவரும் கைதட்டவில்லை.
நாற்காலிகளை மடக்கும் சத்தம் மட்டும்.
எதிர்த்து வாக்களித்த வனீட்டாவை
நான்தான் வீட்டில் இறக்கிவிட்டேன்.
வழியெல்லாம் அவள் பேசவில்லை.
இறங்கும்போது, "மீட்டர் வைக்க எப்போது வருவார்கள்?
நாயைக் கட்டிப்போடணும்" என்றாள்.

மூன்று அறுவடை கழிந்தது.
சோளம் இருந்த இடத்தில் பாதிக்கு மைலோ.
விதைக்கடை ஒன்று மூடிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஜனவரி, டெல்மரின் கிணறு.
நாடாவைச் சுருட்டி மேலே எடுக்கிறேன்.
பக்கத்தில் வந்து நிற்கிறார்,
வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டு.

"இறங்கியிருக்கா?"
"இறங்கியிருக்கு."
"எவ்வளவு?"

கையுறையைக் கழற்றி நீலக் கையை விரித்துக் காட்டினேன்,
கட்டைவிரல் முனையிலிருந்து சுண்டுவிரல் முனை வரை.

தன் கையையும் விரித்து
அதன் மேல் வைத்துப் பார்த்தார்.
"என் சாணுக்கு
முக்கால்தான்."