ஒன்பது குழி

ஆனி, இரண்டாம் ஞாயிறு.
விடியமுன்னமே சோளகம் எழும்பிவிட்டது.
நாங்கள் கொடி நடப் போகையில்
அது வெளியில் நின்றது,
சந்தா கட்டாத பன்னிரண்டாவது அங்கத்தவராக.

ஒலுமடு கோல்ஃப் கழகத்தில் நாங்கள் பதினொரு பேர்.
மட்டைகள் ஏழு.
கண்ணி அகற்ற வந்த டென்மார்க்காரர்
பெட்டி பாரமென்று விட்டுப்போனவை.
ஒன்றுக்குப் பிடி கழன்றுவிட்டது;
பரஞ்சோதி சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றியிருக்கிறார்.
புல் என்று ஒன்றும் இல்லை.
குழியைச் சுற்றி மணல் பரப்பி
ரக்டர் கழித்த ஓயில் ஊற்றி உருட்டுவோம்.
வெள்ளைப் பந்து கறுத்துக் கறுத்துத்தான் வீடு சேரும்.

நான் செயலாளர்.
கையில் பள்ளிக்கூடக் கொப்பி, காதில் பென்சில்.
ஆண்டுப் போட்டியில்
எனக்குத் தெரியாமல் ஒரு கோடு விழாது.

முதற் குழிக்குக் குலாஸ் அடித்த பந்து
நேரே ஏறி, நடுவானில் யோசித்து,
பக்கத்துப் பயற்றங்காணிக்குள் இறங்கியது.
“என்னை ஏன் பாக்கிறியள், காத்தைக் கேளுங்கோ” என்றான்.
மூன்றாம் குழியில்
நித்தியகலாவின் சப்பாத்து அடியைத் தரை வைத்துக்கொண்டது;
பசை உருகுகிற சூடு.
நான்காம் குழிக்குப் பிறகு மூன்று பேரைக் காணவில்லை.
பாலைமரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
கூப்பிட்டேன். பதில் இல்லை.
பழத்துப் பால் வாயை ஒட்டிவிட்டதாம்,
கையால் சொன்னார்கள்.
எழுதினேன்: விலகியோர் மூவர். காரணம் பாலைப்பழம்.

ஏழாம் குழி குளத்துக்கு அக்கரை.
ஆனியில் குளமென்பது பேர்தான்.
உள்ளே முழங்கை நுழையும் வெடிப்புகள்,
நடுவில் ஓர் எருமை படுக்கக் காணும் ஈரம்.
அதில் எருமை படுத்திருந்தது.

இரண்டு அடி முன்னிலையில் தவறஞ்சினி.
நல்லாய்த்தான் அடித்தாள்.
காற்று பந்தைத் தட்டி இறக்க,
களியில் ஒரு தரம் துள்ளி
வெடிப்புக்குள் போனது.

தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்.
அது விதி.
அவள் குடைக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு
குப்புறப் படுத்தாள்.
கம்பியைச் சரித்துப் பிடித்து
ஒரு விரற்கடை, பிறகு ஒரு விரற்கடை.
பதினாலு வருடம் சம்பளத்துக்குச் செய்த வேலை.

நாங்கள்
ஒருவரும் சொல்லாமலே பின்னுக்குப் போனோம்,
வந்த அடியிலேயே அடி வைத்து.
குலாஸ்கூட வாய் திறக்கவில்லை.
ஆட்காட்டி மட்டும் கத்திக்கொண்டு திரிந்தது.

டொக்.

அவளுடைய கை நின்றது.
என் பென்சில் நின்றது.
பிறகு விரல்களால் மண்ணை மெல்ல, மெல்லத் தள்ளி
வெளியே எடுத்தாள்:
மஞ்சள் பந்து.
முந்தின வருடம் பரஞ்சோதி தொலைத்தது.
சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.
வந்த பிறகு எருமை எழும்பிப் போகுமட்டும் நிற்கவில்லை.

ஆனால் பதினொரு நிமிடம் போய்விட்டது.
தண்டம் போட்டேன்.
திரும்பப் போய் அடித்தாள், மட்டமாய் அடித்தாள்.
ஒன்பதாம் குழியில் பரஞ்சோதிக்கு ஓரடியில் வெற்றி.
கிண்ணம் என்பது பால்ச் சங்கம் தந்த அலுமினியக் கேத்தல்;
மோர் ஊற்றிச் சுற்றக் கொடுத்தோம்.
தன் முறை வந்தபோது தவறஞ்சினி சொன்னாள்:
“மூண்டு நிமிசத்திலை நிலத்தைப் பாத்து முடிச்சனெண்டு
ஒருத்தன் வந்து சொன்னால்
நான் அவனை வேலைக்கு எடுக்கமாட்டன்.”

கொப்பியில் கடைசி வரி:
தொலைந்த பந்துகள் ஆறு, கிடைத்தது ஒன்று.
கையெழுத்து வாங்க அவளைத் தேடினேன்.
பொழுது சாய்ந்தும் காற்று விழவில்லை.
குளத்துக்குள் நின்றாள்,
பார்த்து முடித்த வெடிப்புகளின் ஓரம்
வெள்ளைக் குச்சி நட்டுக்கொண்டு.