பெட்டி போடுகிறவள்

மூலக்கடையில் பெயின்ட் கடைக்கு மேல்
இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது, ஏசி உண்டு.
இருபத்தாறு பேர், ஆளுக்கொரு திரை.
வானத்திலிருந்து எடுத்த படம் வரும்.
உச்சந்தலை தெரியும். முகம் தெரியாது.
அதைச் சுற்றி நான் ஒரு பெட்டி போடவேண்டும்.
பெட்டிக்கு நாற்பது பைசா.

ஆள் பச்சை. வண்டி நீலம். ஆடு மாடு மஞ்சள்.
'கையில் நீளமாக ஏதோ' என்றால் சிவப்பு.
எந்த ஊர் என்று போட்டிருக்காது.
பனை மாதிரி மரம், ஆனால் பனை இல்லை.
நிழலை வைத்துத்தான்
பிள்ளையா பெரியவரா என்று கண்டுபிடிப்போம்.
உச்சிவெயிலில் எல்லாருக்கும் ஒரே வயது.

எதற்கு இந்தப் படம் என்று
ஃபர்ஹானா ஒருநாள் கேட்டாள்.
விவசாயம், என்றார் நிரஞ்சன் சார்.
ஒப்பந்தத்தில் பதினோராவது வரி:
இறுதிப் பயன்பாடு குறித்து வினவலாகாது.
கையெழுத்துப் போட்டதும் தமிழில்தான், நான்தான்.

புதுவண்ணாரப்பேட்டை மொட்டைமாடியில்
மாமா மகள் கல்யாணம்.
டிரோன் விட்டு எடுத்த வீடியோவை
பஸ்ஸில் பார்த்துக்கொண்டு வந்தேன்.
பேண்டு செட்டு, ஆடுகிற பையன்கள்,
நடுவில் டிரம்பெட்டோடு துரைக்கண்ணு சித்தப்பா.
என் விரல் தானாகப் போய்
அவரைச் சுற்றிச் சிவப்பு தேடியது.

பக்கத்துக் கடை மாசிலாமணி அண்ணனும்
பெட்டிதான் போடுகிறார். தேக்கு, வேம்பு, பிளைவுட்.
வருகிறவர்களிடம் மூன்று கேட்பார்:
உயரம், பேரு, டாக்டர் சீட்டு.
சீட்டு இல்லாம ஆணி எடுக்கமாட்டேன், என்பார்.
செத்த பிறகு பெட்டி.
எங்கள் மாடியில்
வரிசை மாறியிருக்கிறதோ என்னவோ.

எங்கள் பேட்டையில் ஜோதிராமை
விடியற்காலை நாலு மணிக்குச் சுட்டார்கள்.
கத்தி எடுத்தான், தற்காப்பு, என்றார்கள்.
அதற்கும் ஆர்டிஓ வந்தார்.
பேர், அப்பா பேர், வயசு எழுதிக்கொண்டு போனார்.
அந்த அறிக்கை எங்கே சார் என்று
அவன் அம்மா மாசத்துக்கு ஒருமுறை
ஆபீசுக்குப் போய் நிற்கிறாள்.
பூட்டின கதவுதான். கதவு என்று ஒன்று இருக்கிறது.

என் பெட்டிக்குள் இருப்பவனின் அம்மா
எந்தக் கதவில் போய் நிற்பாள்?

பாரிமுனையில் வக்கீல் கனகதாராவிடம் கேட்டேன்.
டீ ஆறும்வரை யோசித்தாள்.
'முதல்ல அங்க போர் நடக்குதான்னு சொல்லணும்.
நடக்குதுன்னா ஒரு சட்டம், இல்லைன்னா வேற.
பொத்தான் அமுக்கினவன் ஒரு நாட்டுல,
உத்தரவு போட்டவன் இன்னொரு நாட்டுல,
விழுந்தவன் மூணாவது நாட்டுல.
உன்மேல என்ன கேஸ் வரும்?
நீ பென்சில் சீவிக் குடுத்தவ.'
பஸ் கூட்டத்தில் அந்தப் பென்சில்
விலாவில் குத்திக்கொண்டே வந்தது.

இன்னைக்கு எத்தனைம்மா?
மாசிலாமணி அண்ணன் கேட்டார், வாயில் ஆணியோடு.
ஆயிரத்து நூறுண்ணே.
எனக்கு ரெண்டு, என்றார்.
ரெண்டுக்கும் பேர் எழுதிட்டேன்.

இன்று சாயங்காலம் ஒருவர் வந்தார் திரையில்.
காய்ந்த வாய்க்கால் ஓரம், கையில் நீளமாக ஏதோ.
மண்வெட்டிக் காம்பு. ஊன்றுகோல். தண்ணிக் குழாய்.
இல்லை, அதுவே கூட இருக்கலாம், எனக்கென்ன தெரியும்.
பச்சை போட்டேன். வெறும் ஆள்.

ஒன்பது நிமிஷத்தில் திரும்பி வந்தது:
நீளம் விடுபட்டுள்ளது. திருத்துக.

பத்து மணிக்குள் திருத்தாவிட்டால்
இன்றைய கூலி முழுக்கப் போகும்.
வீட்டு அட்வான்சுக்கு வாங்கின கடன்
ஐந்தாம் தேதி கேட்கும்.
இப்போது ஒன்பது நாற்பது.
வாய்க்கால் ஓரத்து ஆள்
நிழலோடு அப்படியே நிற்கிறார்.
கீழே மாசிலாமணி அண்ணன்
ஷட்டரை இறக்குகிறார்.