கொம்பும் காலும்

வெள்ளிக்கிழமை ஷெரின் டேராடூன் போகிறாள்.
மேக்கும் அவளோடு போகிறது.
அதற்குள் நான்கு வருடத்துக் காட்டை
அதிலிருந்து இறக்கியாக வேண்டும்,
தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்
டயர் கடைக்கு மேல் மாடியில்
சூடாகிக் கிடக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு.

பதினோரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து
இருநூற்றெட்டு படங்கள்.
முக்கால்வாசி வெறும் காற்று.
புல் அசைந்தாலும் சொடுக்கிவிடும் கேமரா.
மீதியில் மாடு, மாடு, விறகுக் கட்டு,
கண்ணாடியை முகர்ந்து பார்த்த ஒரு கரடி,
பிறகு யானைகள்.

நடுவில் ஒரு ஹார்ட் டிஸ்க்,
சந்தைத் தரகன் மாதிரி இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தது.
மீதம் பதினான்கு மணி நேரம் என்றது.
டீ குடித்துவிட்டு வந்தேன், இரண்டு நாள் என்றது.
கரண்ட் போய் வந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை விடியலில் எண்ணினால்
இருபத்திரண்டு லட்சத்துச் சொச்சம்.
ஒவ்வொரு படத்தின் பின்னாலும்
புள்ளியும் அடிக்கோடுமாய் ஒரு நிழல்,
நாலு கேபி, உள்ளே ஏதுமில்லை.
மேக் தன் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதாம்.
நிழல்களை மட்டும் அழித்தேன். கை நடுங்கத்தான் செய்தது.

தேதிகளைப் பார்த்தேன்.
நான்கு வருடத்து யானைகளும்
நேற்றிரவு பதினொன்று நாற்பதுக்கு
மொத்தமாக ஓடையைக் கடந்திருந்தன.
(பரவாயில்லை. உண்மையான நேரம்
படத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது, தோண்டி எடுக்கலாம்.)

அப்புறம்தான் கண்ணில் பட்டது:
நொகனூர்.
நொகனூர்.
ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்.
ஒரே பெயரை இருமுறை வைக்க விடாத மெஷின் இது.
ஒன்று இப்போது டிஸ்க்கில் வந்தது,
ஒன்று போன மாதம் ஷெரின் ஜிப் செய்து அனுப்பியது.
எழுத்தை உடைத்துப் பார்த்தேன்.
இங்கே நொ என்றால்
ந, அதைச் சுற்றி ஒரே குறி.
மேக்கின் ஜிப்பிலோ
ந தனி, கொம்பு தனி, கால் தனி.
கண்ணுக்கு ஒரே ஊர்.
இந்தப் பெட்டிக்கு நடுவே ஒரு மலை.
உரிகத்துக்கும் ஜவளகிரிக்கும்
இந்தத் தொல்லை இல்லை, கொம்பில்லாத ஊர்கள்.

இரண்டையும் ஒன்றாக்கி மறுபடி எண்ணினேன்.
ஒன்று குறைந்தது.

பதினோரு லட்சத்தில் ஒன்று.
விட்டுவிடு என்றாள் ஷெரின், சூட்கேஸை அழுத்தி மூடிக்கொண்டே.
விட்டிருப்பேன். ஆனால் மீதிக்கெல்லாம்
எண்தான் பெயர். இதற்கு
யாரோ பெயர் வைத்திருந்தார்கள்:
இது மக்னாவா?
விண்டோஸ் பெயரில் கேள்விக்குறியை ஏற்காது.
நடுவில் இருந்த டிஸ்க்கும் ஏற்கவில்லை.
எல்லாம் கடந்து வர, அது மட்டும்
மேக்கிலேயே நின்றுவிட்டது.

கேமரா கட்டும் மாதேஷுக்கு ஃபோன் போட்டேன்.
அஞ்செட்டி ரோட்டில் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.
"நான்தாங்க எழுதினேன்.
ஆம்பளைதான். கொம்பு தெரியல.
ஆனா மூங்கில் மறைச்சிருக்கு பாருங்க.
அழிச்சிட்டீங்களா?"
இல்லை என்றேன்.
"அடுத்த மாசம் அதே எடத்துல ரெண்டு கேமரா கட்டறேன்" என்றான்,
லைன் போய்விட்டது.

குறியை மட்டும் எடுத்தேன்.
இது மக்னாவா
என்று நின்றது பெயர்.
கொம்பு ஒன்றுமில்லை.
கடைசியில் ஒரு கால்,
கேள்வி அதன் மேல் நின்றுகொண்டிருந்தது.
இழுத்து விட்டேன்.
ஒரு நொடிகூட ஆகவில்லை, வந்துவிட்டது.

ஷெரின் மேக்கை மூடினாள்.
கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மூங்கிலுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ.
வெயிலாகவும் இருக்கலாம்.