ஒன்பது நாள் கூடுதல்

விண்ணப்பத்தின் மூன்றாம் கட்டத்திலேயே
நான் கிழவனாகிவிடுகிறேன்.
ஜூன் பத்தாம் தேதியன்று
முப்பத்தைந்து நிறைந்திருக்கக் கூடாதாம்.
சான்றிதழ்ப்படி எனக்கு ஜூன் ஒன்றில் நிறைந்துவிட்டது.
ஒன்பது நாள்.
என் புழுக்களுக்கு அது பாதி ஆயுள்.

பாகாயம், இரண்டாம் மாடி, மேற்குப் பார்த்த அறை.
மே மாதத்தில் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது.
உள்ளே இருபது டிகிரியில் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் தட்டுகள்,
தட்டுகளில் காற்புள்ளி நீளத்துக்கு நூற்புழுக்கள்.
பிளாட்டினக் கம்பியின் நுனியால்
ஒவ்வொன்றின் தலையையும் தொடுவேன்.
நெளிந்தால் ஒரு கோடு.
மூன்று முறை தொட்டும் நெளியாவிட்டால் ஒரு சுழி.
ஆறு வருடமாக இதுதான் வேலை.
முதுமையை ஆராய்கிறேன் என்றால்
ஆட்டோக்காரர் சுயம்பு தலைமுடிக்கு மருந்து கேட்கிறார்.

போன சித்திரையில் ஜெனரேட்டர் நின்றுபோனது.
நாலு மணி நேரம்.
பெட்டி முப்பத்து மூன்று காட்டியது.
நூற்று நாற்பது புழுக்களை
ஒரே மதியத்தில் மூப்படைய வைத்தது வேலூர் வெயில்.
அதையும் தரவாக எழுதிவைத்தேன்.
டீசலுக்குக் கொடுத்தது என் உதவித்தொகையிலிருந்து,
மார்ச் மாதத்தது,
ஆகஸ்டில் வந்தது.

எலியில் செய்து காட்டு என்கிறார்கள்.
எலி மூன்று வருடம் இருக்கும்.
நிதி இரண்டு வருடம்.
எலி செத்தபின் எழுத வேண்டியதை
அது நடுவயதில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்கிறார்கள்.
முன்பு செய்தவனுக்குத்தான் பணமாம்.
முன்பு செய்ய எனக்கு யார் கொடுத்தார்கள்?

கணியம்பாடித் தொடக்கப் பள்ளி வாசலில்
ஆரோக்கியம் சார் என்னை நிறுத்தி,
வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து
இடது காதைத் தொடச் சொன்னார்.
எட்டவில்லை. ஒரு விரற்கடை குறைந்தது.
அப்பா பின்னாலிருந்து
என் முழங்கையை லேசாக அழுத்தினார்.
தொட்டுவிட்டது.
ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் இருவருக்கும் வேலை,
என்னை எங்கே விடுவார்கள்?
சார் பேனாவைத் திறந்து ஜூன் ஒன்று என்று எழுதினார்.
அந்த வகுப்பில் பதினேழு பேருக்கு ஜூன் ஒன்று.
உயிரியல் வயது என்று நாங்கள் கருத்தரங்குகளில் சொல்வதை
சார் ஒரு காதை வைத்து அளந்திருக்கிறார்.
அளவில் பிழையும் இருந்தது,
என் அப்பாவின் விரல்.

ஆஸ்பத்திரிப் பழைய பதிவேட்டு அறையில்
மூன்று நாள் தூசி தட்டினார் கிளார்க் தேவகிருபை.
ஜனவரி பதினேழு. ஆண். இரண்டு கிலோ முந்நூறு.
பெயர்க் கட்டம் காலி.
தாய்: லில்லி புஷ்பம்.
சான்றிதழில் இருப்பவனைவிட நான்
ஏழு மாதம் பதினாறு நாள் இளையவன்.
"இத வெச்சா வயசு கொறையுமா சார்?"
"பேப்பர்ல கொறையும்."
"அப்ப நமக்கும் ஒண்ணு பாருங்க,
நவம்பர்ல ரிட்டயர்மென்ட்."

அறக்கட்டளையில் போனை எடுத்த பெண்
பள்ளிச் சான்றிதழ்தான் கணக்கு என்றார்.
குரலுக்கு இருபத்து மூன்று இருக்கும்.
வைக்கப் போனவர் வைக்கவில்லை.
"ரெண்டையும் சேர்த்தே அனுப்புங்க சார்.
கமிட்டியில யாராவது
ஜூன் ஒண்ணுல பொறந்தவங்க இருப்பாங்க."

அனுப்பினேன், இரவு பதினொன்று நாற்பதுக்கு.
தலைப்பு, சுருக்கம், செலவுத் திட்டம்,
அதில் முதல் வரி டீசல்.
விளக்கை அணைக்கும் முன் யாருமில்லாத அறையில்
வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பார்த்தேன்.
காதைத் தாண்டிக் கழுத்துவரை போகிறது.

இன்று இருபத்தொன்பதாம் நாள் தட்டு.
ஒரே ஒரு புழு பாக்கி.
தொட்டேன்.
இன்னொரு முறை தொட்டேன்.
கம்பியைத் தீயில் காட்டி
ஆறவிட்டுக்கொண்டிருக்கிறேன்.