முப்பது விநாடி

பதினோராவது மாடியில் என் சமையலறைச் சன்னல்.
சாலைக்கு அந்தப் பக்கம் ஹவ்காங் விளையாட்டரங்கம்.
இடையில் துணி காயும் நான்கு கழிகள்.

வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தை
நான் கைப்பேசியில் பார்க்கிறேன்,
சோற்றுப் பானைமேல் சாய்த்து வைத்து,
வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு.

சிரிக்காதீர்கள்.
சன்னலில் எட்டினால் பாதித் திடல் தெரியும்.
மறுபாதியைத் தூங்குமூஞ்சி மரம் வைத்திருக்கிறது.
கோல் எப்போதும் மரத்தின் பாதியில்தான் விழும்.

ஒரே சங்கடம்,
படம் முப்பது விநாடி பின்னால் வருகிறது.
சத்தம் பின்னால் வருவதில்லை.
திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டருகே
யார் காலுக்கென்று தெரியாமல் உருளும்போதே
சன்னல் வழியே ஓர் "ஓ" வந்து விழும்.
அதன் நீளத்தை வைத்தே சொல்லிவிடுவேன்:
சட்டென்று அறுந்தால் கம்பத்தில் பட்டது.
இழுத்துக்கொண்டே இறங்கினால் நாம் வாங்கிவிட்டோம்.
டிரம் சேர்ந்துகொண்டால் நம்முடையது.
அப்புறம் அரை நிமிடம்,
ஒன்றும் தெரியாமல் ஓடுகிற பிள்ளைகளை
ஜாதகம் படித்தவள் மாதிரி
பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஏன் போவதில்லை என்று நூர்ஹயாத்தி கேட்டாள்.
முன்பு சேர்ந்துதான் போவோம்.
இப்போது அவள் பொங்கோலில். அவளும் போவதில்லை.

டிக்கெட் விலை இல்லை என்றேன்,
ஒரு மீன்தலைக் கறிக்குக்கூட ஆகாது.
மின்னல் எச்சரிக்கை ஊதினால் ஆட்டம் நிற்கும்,
ஈர நாற்காலியில் முக்கால் மணி நேரம் யார் உட்காருவது என்றேன்.
சாங்கி கிடங்கில் காலை ஷிஃப்ட்,
ஐந்தேகாலுக்குப் பேருந்து என்றேன்.
இளவேந்தன் துணைக்கு வரமாட்டான்,
இங்கிலாந்து ஆட்டத்துக்கு
விடிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுவான்,
எதிர்த் திடலுக்கு மின்தூக்கி ஏறி இறங்க
அவனுக்குக் கால் வலிக்கும் என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ வறுபடும் ஓசை.
"அதெல்லாம் அப்பவும் இருந்துச்சே" என்றாள்.

இருந்தது.
மழை இருந்தது, ஷிஃப்ட் இருந்தது,
கைக்குழந்தையாக இளவேந்தனும் மடியில் இருந்தான்.
போகாத முதல் வாரம் உறுத்தியது.
அடுத்த வாரம் நிஜமாகவே மழை.
அதற்கடுத்த வாரம்
ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.
அவ்வளவுதான் நூர். வேறு கதை இல்லை.

போன வெள்ளி டிரம் இல்லை.
ரஸாலிக்கு முழங்கால் அறுவை என்று
காப்பிக்கடையில் சொன்னார்கள்.
எழுபதாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று.
வெண்டைக்காய் எண்ணெயில்.
சன்னல் வாய் திறக்கவில்லை.
திரையில் நம் பதினேழாம் எண், மீசை முளைக்காத பையன்,
இடது ஓரத்தில் வாங்கினான், திரும்பினான்,
வலை அசைந்தது.

எனக்கு முன்னாலேயே தெரியவில்லை!
ஆறு வருடத்தில் ஒரு கோல்
என்னைத் தூக்கிவாரிப் போட்டது.
கரண்டி தரையில்.

பிறகுதான் உறைத்தது.
அவன் அடித்து அரை நிமிடம் ஆகிவிட்டது.
அங்கிருந்தவர்கள் கத்தித்தான் இருப்பார்கள்.
பதினோரு மாடி ஏற அது போதவில்லை.

கழிகளுக்கு நடுவே தலையை நீட்டி
அடிச்சிட்டான்டா என்று அலறினேன்.
பக்கத்து வீட்டு லிம் கதவைத் திறந்து
திருடனா என்று கேட்டார்.
கோல் என்றேன்.
"யாருக்கு?" என்றார்.
சொன்னேன். யோசித்தார். கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்து கரண்டியைக் கழுவினேன்.
திரையில் எதிரணி பந்தை நடுவில் வைத்து
ஆட்டத்தைத் தொடங்கியிருந்தது.
அப்போது கைப்பேசிக்குள்ளிருந்து,
வர்ணனையாளர் மூச்சு வாங்கிய இடைவெளியில்,
வெகுதூரத்தில் எங்கோ ஒரு பெண் அலறினாள்.
இழை மாதிரிக் குரல்.
வார்த்தை புரியவில்லை.
எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை.

வெண்டைக்காய் கருகியிருந்தது.
ஆட்டம் முடிகையில் திரையின் அடியில்
வந்தவர் கணக்கு ஓடியது:
நானூற்றுப் பதினொன்று.
என்னைச் சேர்க்கவில்லை.
எண்ணியவரைக் குறை சொல்ல முடியாது.