காருக்கா, புல்வெட்டிக்கா

டிரக்கிலிருந்து இறக்கும்போதே
மார்வின் ஸ்யோபெர்க் சொல்லிவிட்டார்:
"கயிற்றை நாற்பது தடவை இழுத்தேன்.
தோள்வலிதான் ஸ்டார்ட் ஆனது."

நான் ஸ்பானரைத் தொடவில்லை.
டேங்க் மூடியைத் திருகி
மூக்கை வைத்தேன்.
நல்ல பெட்ரோல் சுரீரென்று ஏறும், கண்ணோரம் வரை.
இது அப்படியில்லை.
பழைய வார்னிஷ்,
நனைந்து பெட்டிக்குள்ளேயே காய்ந்த பூட்ஸ்.

"எப்போது ஊற்றியது?"
"அக்டோபர்."
இன்று மே இருபத்தெட்டு.

சுபீரியர் ஏரிக்கரையில் அத்தனை மாதம்
எதெது உறைந்து எதெது இளகியது என்று
அந்த டேங்குக்குத் தெரியும்.
பத்தில் ஒரு பங்கு எத்தனால்,
சோளத்தில் காய்ச்சிய சாராயம்தான்.
மனிதர்கள் சாராயத்தைக் குடிக்கிறார்கள்;
இந்தச் சாராயம் தண்ணீரைக் குடிக்கும்.
காற்றிலிருந்து, மூடியின் இடுக்கிலிருந்து
சொட்டுச் சொட்டாகக் குடித்து
ஒரு நாள் தாங்காமல்
பெட்ரோலோடு உறவை முறித்துக்கொண்டு
அடியில் போய்ப் படுத்துவிடும்.
எஞ்சின் முதலில் உறிஞ்சுவதும் அந்த அடியைத்தான்.
தண்ணி காட்டுவது என்று
எங்கள் தொழிலில் சொன்னால்
அதில் உவமை எதுவும் இல்லை.

கண்ணாடி ஜாடியில் வடித்துக் கொடுத்தேன்.
மேலே ஆறிப்போன தேநீர் நிறம்.
கீழே விரலளவு கலங்கல்.
நடுவில் ஒரு கோடு.
மார்வின் ஜாடியைச் சாய்த்துப் பார்த்தார்.
கோடு சாயவில்லை.

"விலை கூடினதைப் போட்டிருக்கணுமோ?
அந்தத் தொண்ணூற்றொன்றை?"
"நம்பரால் ஒன்றும் ஆகாது.
இவ்வளவு சின்ன எஞ்சினுக்கு எண்பத்தேழே போதும்.
படகுத்துறை பம்ப்பில் எத்தனால் கிடையாது.
இல்லாததற்குத்தான் அங்கே காசு."

"அங்கேதான் எப்போதும் வாங்குவேன்," என்றார்.
பிறகு, ஜாடியைக் கீழே வைத்து,
"ஐனா இருந்தவரை."

ஐனா ரவுட்டியோவை எனக்கும் தெரியும்.
பம்ப்பைத் திறந்துவிடும் முன்
ஜன்னலைத் தட்டிக் கேட்பாள்:
"காருக்கா, புல்வெட்டிக்கா?"
மரம் அறுக்கும் வாளுக்கு என்றால் இன்னொரு கேள்வி:
"ஐம்பதுக்கு ஒன்று ஆயில் கலந்தாச்சா?"
கலக்காமல் கிளம்பிய ஒருவனை
சாலைவரை துரத்தியிருக்கிறாள்,
காலில் செருப்பில்லாமல், ஏப்ரலில்.

செப்டம்பரில் அவளை டுலூத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.
துறைக் கடை பூட்டிக் கிடந்தது.
மார்வின் நெடுஞ்சாலை பம்ப்பில் நாலு காலன் பிடித்தார்.
அங்கே கார்டைத் தேய்த்தால் போதும்,
எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

ஜனவரியில் போய்விட்டாள்.
மண் இரும்பாய் இறுகியிருந்தது.
குளிர்காலம் முழுக்க
இடுகாட்டின் கல் அறையில், எண் போட்ட தட்டில்
காத்திருக்கிறாள்.
அந்த இடுகாட்டுப் புல்லுக்கு மார்வின்தான் பொறுப்பு.
புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது.
"சனிக்கிழமை," என்றார்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கார்புரேட்டரைக் கழற்றினேன்.
கிண்ணத்தில் பச்சைப் படிவு, செம்புக் காசின் களிம்பு மாதிரி.
ஜெட்டின் ஓட்டை முடியளவுதான்,
கிதார்க் கம்பியின் ஆக மெல்லியதைக் கோத்துக்
குடைந்து குடைந்து எடுத்தேன்.
அதற்குள் அவர் துறைக்குப் போய்
புதுக் கேனோடு வந்திருந்தார்.
இரண்டு காலன் மட்டும்;
ஒரு மாதத்துக்கு மேல் வைக்கமாட்டாராம்.
மூன்றாவது இழுப்பில் இருமியது.
நாலாவதில் பேசியது.
மார்க்கரை வாங்கிக் கேனில் அவரே எழுதினார்:
புல்வெட்டிக்கு.
தேதி.

டிரக் போன பிறகு
கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது:
என் வீட்டுக் கொட்டகையில் பனித்தள்ளி.
மார்ச்சில் கடைசியாக ஓட்டியது.
டேங்க் பாதி.
நெடுஞ்சாலைப் பெட்ரோல்.

ஊருக்கெல்லாம் மூடி திறந்து
முகர்ந்து சொல்கிறவள் நான்.
அதன் மூடியில் கை வைக்க
இன்னும் மனம் வரவில்லை.