கிண்ணத்துக்குக் கீழே

"கொப்பளியுங்கோ, துப்புங்கோ."
பதினொரு வருசமாய் நான் அதிகம் சொன்ன இரண்டு சொல்,
என் பெயரைவிட அதிகம்.
வெள்ளவத்தை, காலி வீதி, நகைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பஸ் போனால் கண்ணாடிக் குவளை நடுங்கும்.

துப்புகிறவர்கள் கீழே பார்ப்பதில்லை.
உதடு மரத்துப்போயிருக்கும்,
எச்சில் நூலாய் இழுபடும், வெட்கப்படுவார்கள்.
பழைய வெள்ளி அடைப்பைத் தோண்டின தூள்
சாம்பலாய் ஒரு சுற்றுச் சுற்றி
ஓட்டைக்குள் இறங்கும்.
நான் பெடலை மிதிப்பேன், தண்ணீர் வரும்.
நாங்கள் அறிந்த சுத்தம் அவ்வளவுதான்.

மே மாதம் குழாய் அடைத்தது.
விமலதாச பாஸ் தரையில் மல்லாந்து படுத்து
வளைகுழாயின் முட்டியைக் கழற்றினார்.
சேறு. பஞ்சு. யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல் துண்டு.
பிறகு சேற்றுக்குள்ளிருந்து
சின்னதாய் உருண்டு வந்து
அவரையே திருப்பிப் பார்த்தது ஒன்று.

"மிஸ், வெள்ளியா?"
ஆசையாய்த்தான் கேட்டார், கீழே நகைக்கடை அல்லவா.
விரலால் தொட்டார், இரண்டாயிற்று.
மறுபடி தொட்டார், ஏழு.
டொக்டர் ரிஸ்மியா போட்ட சத்தத்தில்
கதிரையில் இருந்தவர் எழுந்தே போய்விட்டார்,
கழுத்துத் துவாயோடு, லிப்ட் வரைக்கும்.

அந்த ஏழையும் கடதாசியால் கூட்டிப்
போத்தலில் இட்டு மூடும்போதுதான்
எனக்குக் கணக்கு வந்தது.
நாளுக்கு ஐந்து வாய், கிழமைக்கு ஆறு நாள், பதினொரு வருசம்.
குழாய் பிடித்துவைத்தது ஒரு தேக்கரண்டி.
மிச்சம்
சுவருக்குள் இறங்கி, வீதிக்கு அடியில் நடந்து,
ரயில் பாதை தாண்டி,
பின்னேரங்களில் நாங்கள் கடலை கொறிக்கும் கற்களுக்கும் அப்பால்.

அன்று இரவு அக்கா போன் எடுத்தாள்.
சின்னவள் பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள்.
"சந்தையில பால்சுறா கிடைச்சால் வாங்கி வா,
வறை வறுத்துக் குடுப்பம், பால் ஊறும்."
ம் என்றேன்.
சுறா எங்கே மேய்கிறது என்று
நான் யாரிடம் போய்க் கேட்பது?
முருங்கையிலையும் உள்ளியும் வாங்கிப் போனேன்.
கடலில் காற்று, படகு இறங்கவில்லை என்றேன்.
நல்ல வெயில் அன்றைக்கு.

பிரிப்பான் வர நாலு மாதம் எடுத்தது.
டொலர் விலை. துறைமுகத்தில் தங்கல்.
"வேற கிளினிக் ஒண்டும் போடேல்லையே" என்று
கட்டடக்காரரின் முணுமுணுப்பு.
புதுக் கதிரைக்கென்று டொக்டர் சேர்த்த காசு அது.
பழைய கதிரையின் கிழிசலுக்கு
நான் பிளாஸ்டர் ஒட்டினேன்.

பால்மா டின் அளவில் ஒரு கலன்,
வருகிற தண்ணீரை நிறுத்தி
பாரமானதை அடியில் இருத்திவிட்டு
மற்றதைப் போகவிடும்.
ரசத்தைக் கட்டச் சித்தர்கள் காடெல்லாம் மூலிகை தேடினார்களாம்.
எங்களுக்கு ஒரு வடியும்
மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கையுறையும்.

முதல் கலன் நிரம்பிவிட்டது.
மூடியில் தேதி, என் கையெழுத்து,
மூன்று மொழியிலும் திறக்காதே.
எடுத்துப்போக ஆள் வரும் என்றார்கள்,
இரண்டு கடிதம் போட்டிருக்கிறோம்.
அதுவரை அலமாரியின் கீழ்த்தட்டில்,
பஞ்சுப் பொதிகளுக்குப் பக்கத்தில்.
பார்த்தால் ஒன்றுமில்லை.
தூக்கினால் தோள் இறங்கும்.

பஸ் போகிறது, குவளை நடுங்குகிறது.
அது அசையவில்லை.
"அடுத்த ஆள்" என்கிறார் டொக்டர்.